கொக்கலாம்பட்டிக்கு ஒரே வழி

கொக்கலாம்பட்டிக்காரர்களை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் இந்தப் பத்தியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரை ஒட்டிப் போகிற மாநில நெடுஞ்சாலையில் ஒரு வளைவு உண்டு. அந்த வளைவில் ‘மெதுவாகச் செல்லவும்’ என்று யாரோ ஒரு போர்டு நட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து ஊரில் ஒருத்தரும் அந்த இடத்தை வேகமாகக் கடந்ததில்லை. ஒருநாள் இளநீர்க்கடை பெத்தண்ணனை நாய் துரத்தியது. தலைதெறிக்க ஓடி வந்த மனுஷன், போர்டைப் பார்த்ததும் நிதானமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனவர்களிடம், "அது மேல தப்பில்லப்பா, நாய்க்குப் படிக்கத் தெரியாதுல்ல" என்றார். அவருடைய பெருந்தன்மையை ஊரே மெச்சியது.

ஆனால் இது பெத்தண்ணன் கதை இல்லை. பஞ்சர் கடை குழந்தைசாமியின் கதை. ஐம்பதை நெருங்குகிற ஆள், பேர்தான் குழந்தைசாமி. வளைவு முடிகிற இடத்தில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை, வாசலில் தொங்கும் ஒரு பழைய டயர், உள்ளே ஒரு காற்றடிக்கிற கம்ப்ரஸர். அந்தக் கம்ப்ரஸருக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனமும் குங்குமமும் வைத்து ‘ராசாத்தி’ என்று கூப்பிடுவார். பெண்டாட்டியை அவர் அப்படிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

ரோட்டுக்கும் கடைகளுக்கும் நடுவில் மழைத்தண்ணீர் வாய்க்கால் ஒன்று ஓடும். பெரிய அகலமில்லை, ஒரு தாவு தாவினால் அக்கரை. அதன் மேல் கடைக்கு ஒரு கல்லைப் போட்டுப் பாலமாக வைத்திருந்தார்கள். டீக்கடை ராக்காயிக்கு ஒரு பாலம், பெத்தண்ணனுக்கு ஒரு பாலம், சலூனுக்கு ஒன்று, மளிகைக்கு ஒன்று, குழந்தைசாமிக்கு ஒன்று. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஏறுவார்கள், இறங்குவார்கள்.

ஒரு திங்கட்கிழமை நெடுஞ்சாலைத் துறை ஜீப் வந்து நின்றது. உதவிப் பொறியாளர் நிர்மலா இறங்கினார். நல்ல பொறுமைசாலி. கடைக்காரர்களையும் வார்டு மெம்பர் சொக்கலிங்கத்தையும் கூப்பிட்டுவைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"எந்த ரோட்டுல எங்க ஏறலாம், எங்க இறங்கலாம்னு இப்ப வகை பிரிச்சிருக்கோம். உங்க ஊர் ‘ஊருக்கு ஒரு வழி’ங்கற வகையில வருது. இப்படிக் கடைக்குக் கடை பாலம் வச்சு இஷ்டத்துக்கு ரோட்டுல ஏறினா விபத்துதான் நடக்கும். எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரே ஒரு வழி வச்சுக்கங்க. வண்டியோ ஆளோ, அது வழியாத்தான் ஏறணும், இறங்கணும். அங்க நின்னு பார்த்தா ரெண்டு பக்கமும் ரோடு தெரியணும். எதுவும் மறைக்கக் கூடாது. அடுத்த திங்கட்கிழமை வருவேன். சரியா இருந்தா நாங்களே சிமெண்ட் பாலம் கட்டித் தருவோம். இல்லேன்னா மொத்தமா அடைச்சு இரும்புத் தடுப்பு போட்டுருவோம்."

மெம்பர் சொக்கலிங்கம் கேட்டார். "ஆளோன்னு சொன்னீங்களே, சின்ன ஆளா இருந்தா?"

"எந்த ஆளா இருந்தாலும்."

"நீங்களா இருந்தாலுமா?"

"நானா இருந்தாலும் வழியாத்தான் வருவேன். போதுமா?"

போதும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஜீப் போய்விட்டது.

குழந்தைசாமி மட்டும் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். டீக்கடைக்கு மனுஷன் நடந்துவருவான். சலூனுக்கும் நடந்துவருவான். பஞ்சர் கடைக்கு வண்டி வந்தாக வேண்டும். இரும்புத் தடுப்புப் போட்டுவிட்டாலோ, அந்த ஒரே வழியை வேறு யார் கடை முன்னாலோ வைத்துவிட்டாலோ, ராசாத்தி யாருக்குக் காற்றடிப்பாள்? அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. டயரைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ரேஷன் கடை முன்னால் கூட்டம் கூடியது. வழி யார் கடை முன்னால் என்பதுதான் பேச்சு.

"டீ இல்லாம யாரு இறங்குவா? என் கடை முன்னாடிதான்" என்றாள் ராக்காயி.

"இளநி குடிச்சா உடம்புக்கு நல்லது. டீ பித்தம்" என்றார் பெத்தண்ணன்.

"பித்தமா? காலைல வந்து ரெண்டு டீ குடிச்சது உங்க ஆவியா?"

பேச்சு முற்றிக்கொண்டே போனது. அப்போதுதான் குழந்தைசாமிக்கு, அவர் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, ஒரு யோசனை வந்தது. எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"இன்ஜினியரம்மா ஒரே வழின்னுதான் சொன்னாங்க. அது ஒரே இடத்துல கிடக்கணும்னு சொன்னாங்களா?"

கேட்டுவிட்டுப் பதிலையும் அவரே சொன்னார்.

"ஒரு வழியைச் செஞ்சு வச்சுக்குவோம். யார் கடைக்கு ஆள் வருதோ, அந்தக் கடை முன்னாடி தூக்கிட்டுப் போய்ப் போடுவோம். எப்ப எண்ணிப் பார்த்தாலும் ஒண்ணுதான் இருக்கும்."

மெம்பர் அப்படியே குழந்தைசாமியைக் கட்டிக்கொண்டார். இவ்வளவு நாள் இந்த மூளையைப் பஞ்சர் ஒட்டி வீணடித்துவிட்டோமே என்று ஊர் வருத்தப்பட்டது.

மறுநாள் கல்பாலங்களை எல்லாம் பெயர்த்துப் போட்டார்கள். விழுந்து கிடந்த ஒரு பனைமரத்தைப் பிளந்து, துண்டுகளைச் சேர்த்து ஆணியடித்து, ஜீப் ஏறுகிற அளவுக்கு ஒரு தட்டி செய்யத் தொடங்கினார்கள். அதற்கு ‘வழி’ என்றே பேர். குழந்தைசாமி சுத்தியலை ஓங்கியபோது ராக்காயி கையைப் பிடித்தாள்.

"ஏன்யா, ஊருக்கு ஒரே வழின்னா அது ஊருக்கு வாசப்படிதானே? வாசப்படியில மகாலட்சுமி உட்கார்ந்திருப்பா. அவ தலையிலயா சுத்தியலால அடிப்ப?"

குழந்தைசாமி சுத்தியலைக் கீழே போட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். வழியைப் புரட்டிப் போட்டு, அடிப்பக்கத்திலிருந்து மேல்பக்கம் பார்க்க அத்தனை ஆணியையும் அடித்தார். பிறகு திருப்பிப் போட்டு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். ஆணி முனைகள் வரிசையாக எட்டிப் பார்த்தன. வெயிலில் மினுமினுவென்று இருந்ததால் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

"வாசப்படியை மிதிக்கவும் கூடாதே" என்றார் பெத்தண்ணன்.

அதுவும் நியாயம்தான். வீட்டில் யாராவது வாசற்படியை மிதிப்பார்களா? தாண்டித்தான் போவார்கள். ஆகவே ஆட்கள் வழியை மிதிக்காமல் தாண்டிப் போக வேண்டும் என்று முடிவானது.

"வண்டி?"

"வண்டிக்கு ஏது காலு? சக்கரம் மிதிச்சா தோஷமில்ல."

அன்றிலிருந்து கொக்கலாம்பட்டியில் ஆண், பெண், பிள்ளை, குட்டி எல்லோரும் வாய்க்காலின் மேல் வழியைப் போட்டு, வழிக்கு மேலே எகிறிக் குதித்து அக்கரை போனார்கள். வழி இல்லாத இடத்தில் யாரும் குதிக்கவில்லை. அது சட்டப்படி குற்றம் அல்லவா?

துறை வகை பிரித்ததுபோல நாமும் பிரிக்க வேண்டும் என்று மெம்பருக்கு ஆசை வந்தது. ஊரைவிட்டுப் போகிறவர்கள் முதல் வகை, ஊருக்குள் வருகிறவர்கள் இரண்டாம் வகை, பாதி வரை போய்த் திரும்பிவிடுவதால் கோழி மூன்றாம் வகை என்று அறிவித்தார்.

"காலைல வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் வர்றவன் எந்த வகை?" என்று கேட்டார் பெத்தண்ணன்.

"போறப்ப முதல் வகை. வர்றப்ப ரெண்டாம் வகை."

"ஒரே நாள்ல மனுஷனுக்கு இவ்வளவு சரிவா?" என்று பெத்தண்ணன் வருத்தப்பட்டார். அன்றைக்கு அவர் வேலைக்கே போகவில்லை.

வழியைத் தூக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது. டவுன் பஸ் டிரைவர் டீ குடிக்க இறங்கினால், சலூன் முன்னால் கிடக்கும் வழியை டீக்கடை முன்னால் தூக்கிவர வேண்டும். தூக்கிவருவதற்குள் பஸ்ஸில் இருக்கிறவர்கள் சத்தம் போடுவார்கள், டிரைவர் டீ குடிக்காமலே போய்விடுவார். வழி மளிகைக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் பெத்தண்ணன் ரோட்டோரத்தில் மாட்டிக்கொண்டார். அவர் கடை எதிரே தெரிகிறது, கடையில் அவர் பெண்டாட்டி சோற்றுத் தூக்கோடு நிற்கிறாள்.

"அப்படியே எட்டி நீட்டட்டுமா?" என்று கேட்டாள் அவள்.

மெம்பர் வெகுநேரம் யோசித்தார். "வண்டியோ ஆளோன்னு சொன்னாங்க. சோறு இந்த ரெண்டுல எது?"

"தெரியலையே."

"தெரியாதப்ப ரிஸ்க் எடுக்கக் கூடாது. வழி வரட்டும்."

வழி வந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. சட்டத்தை மதித்தோம் என்ற நிம்மதியில் பெத்தண்ணன் அதை ருசித்துச் சாப்பிட்டார். அன்றே அவர் சைக்கிளை வழி மேல் உருட்டிக்கொண்டு வந்தபோது முன் சக்கரம் புஸ்ஸென்று போய்விட்டது. குழந்தைசாமிதான் ஒட்டிக்கொடுத்தார். "வழி வந்த நேரம், நமக்கு நல்ல ராசிடி" என்று ராசாத்தியின் முதுகைத் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிந்தால் இன்ஜினியரம்மா வருவார். அவர் வரும்போது வழி எங்கே கிடக்க வேண்டும்? இரண்டு பக்கமும் மறைக்காமல் தெரிகிற இடமாக இருக்க வேண்டும். டீக்கடை முன்னால் நின்று பார்த்தார்கள், புளியமரம் மறைத்தது. இளநீர்க்கடையில் குலைகள் மறைத்தன. சலூனில் கண்ணாடி இருந்ததால் ரோடு தெரியாமல் அவரவர் முகம்தான் தெரிந்தது. கடைசியில் குழந்தைசாமியின் கடை முன்னால் வந்து நின்றார்கள்.

"இந்தப் பக்கம் நல்லாத் தெரியுது" என்றார் மெம்பர். "அந்தப் பக்கம் உன் கொட்டகைதான் மறைக்குது. அது மட்டும் இல்லேன்னா இதைவிட நல்ல இடம் கிடையாது."

குழந்தைசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அப்ப, கொட்டகை இல்லேன்னா வழி என் கடை முன்னாடிதானா?"

"உன் கடை முன்னாடியேதான்."

இந்த வார்த்தைக்காகத்தானே ஒரு வாரமாக ஏங்கிக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. உடனே மேலே ஏறித் தகரத்தை எல்லாம் அவரே கழற்றிவிட்டார். கழற்றி முடித்து இறங்கி, வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"வழி கடைக்கு வந்திருச்சு. கடையை எங்கே வைக்கறது?"

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அவருடைய மச்சான் நிலம் கொஞ்சம் சும்மா கிடந்தது. அங்கே வைக்கலாம் என்றாள் ராக்காயி.

"அங்க வச்சா நேர் எதிரே மறைக்குமே" என்றார் பெத்தண்ணன்.

"அந்தம்மா ரெண்டு பக்கம்தான் சொன்னாங்க. நேரா மறைச்சாப் பரவால்ல."

"அந்தப் பக்கமும் வாய்க்கால் இருக்கே. கடைக்கு வழி?"

"வண்டி வந்தா நாங்க தூக்கிட்டு வர்றோம்யா, கவலைப்படாதே" என்று எட்டுப் பேரும் சத்தியம் செய்தார்கள். பொழுது சாய்வதற்குள் தகரம், டயர், ராசாத்தி எல்லாம் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தன. வழியை மறுபடியும் ஊர்ப்பக்கம் கொண்டுவந்து பழைய இடத்தில் போட்டு மாவிலை கட்டினார்கள். குழந்தைசாமி மட்டும் புதுக் கொட்டகையிலேயே தங்கிவிட்டார். வழி போய்விட்டதால் அவருக்கு வேறு வழியும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஜீப் வந்தது. நிர்மலா தலையை வெளியே நீட்டி வாய்க்கால் நெடுக ஒருமுறை பார்த்தார். கல்பாலங்கள் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு வழி, இரண்டு பக்கமும் பளிச்சென்று ரோடு. அவரால் நம்பவே முடியவில்லை.

"பரவாயில்லையே. டவுன்ல இருக்கறவங்ககூட இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்டதில்லை" என்றார். மெம்பர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த குழந்தைசாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

"உள்ளே விடுங்க அந்தோணி, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிருவோம். பெரிய ஆபீஸ்ல மீட்டிங் இருக்கு" என்றார் நிர்மலா டிரைவரிடம்.

ஜீப் வழி மேல் ஏறியது. புஸ்ஸ்ஸ்.

டிரைவர் அந்தோணி இறங்கிப் பார்த்தார். முன் சக்கரம் தரையோடு தரையாகக் கிடந்தது. பின்னால் இருந்த ஸ்டெப்னி போன வருஷமே செத்துப்போனது. எப்படியோ அலாக்காகத் தூக்கி ஜீப்பை ஊருக்குள் விட்டார்கள்.

"இங்க பஞ்சர் கடை எங்கே இருக்கு?" என்று நிர்மலா கேட்டதுதான் தாமதம், ஊரே ஒன்றாகக் கையை நீட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் காட்டியது.

அந்தோணி சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு போனார். எதிர்ப்பக்க வாய்க்காலைச் சாதாரணமாகத் தாண்டப் போனவரை எட்டுப் பேர் சேர்ந்து பிடித்து நிறுத்தினார்கள்.

"அண்ணே, இருங்க. வழி வரட்டும்."

எட்டுப் பேரும் மெம்பரும் வழிக்கு மேலே குதித்து ரோட்டுக்கு வந்து, வழியைத் தூக்கி எதிர்ப்பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்தோணிக்கு முறையும் சொல்லிக்கொடுத்தார்கள். அதன்படி சக்கரம் மிதித்தது, அந்தோணி குதித்தார். போகிற போக்கில் சக்கரத்தில் இன்னும் இரண்டு ஓட்டை விழுந்தது.

புது இடத்தில் முதல் கிராக்கி, அதுவும் அரசாங்க ஜீப். குழந்தைசாமி ஒவ்வொரு ஓட்டையாகத் தேடித் தடவி ஒட்டினார். ராசாத்தி படபடவென்று இரைந்து காற்றைக் கொடுத்தாள். அந்தோணி சக்கரத்தை உருட்டிக்கொண்டு வெளியே போனார். புஸ்ஸ்ஸ். திரும்ப உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். புஸ்ஸ்ஸ். குழந்தைசாமி மறுபடி ஒட்டினார். மறுபடி அந்தோணி போனார், மறுபடி வந்தார்.

"உங்களுக்கு என் கடை ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல" என்றார் குழந்தைசாமி, மனம் நிறைந்து.

ஊருக்குள் நிர்மலா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னம்மா ஆச்சு? ஏன் இன்னும் வரலை?" என்று ராக்காயியிடம் கேட்டார்.

"வழி அந்தப் பக்கம் போயிருக்கு மேடம். வந்துரும். இன்னொரு டீ குடிங்க."

"வழி எப்படிம்மா அந்தப் பக்கம் போகும்?"

"எட்டுப் பேரு தூக்கிட்டுப் போனாங்களே, பார்க்கலையா?"

நிர்மலா அப்போதுதான் வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தார். காலையில் வழி இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு டம்ளரை வைத்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்தார். இரண்டடி பின்னால் போய் ஓடிவந்து ஒரே தாவில் வாய்க்காலைத் தாண்டி ரோட்டில் குதித்தார்.

ராக்காயி வாயைப் பொத்திக்கொண்டாள். ரோட்டில் நின்ற மெம்பர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இந்தப் பாவத்தைப் பார்த்த சாட்சியாக அவர் இருக்க விரும்பவில்லை.

நிர்மலா விறுவிறுவென்று ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் கிடந்த வழிக்கு முன்னால் வந்து நின்றார். குனிந்து பார்த்தார். அத்தனை ஆணியும் முனையை மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

"யாருய்யா இதை இப்படி அடிச்சது?" என்றார்.

கொட்டகையிலிருந்து குழந்தைசாமி முகம் வெளிறி ஓடிவந்தார். வழிக்கு மேலே ஒரு குதி குதித்து அவர் பக்கத்தில் போய் நின்று, இரண்டு கையையும் கூப்பினார்.

"யாரு பெத்த புள்ளையோ, தெரியாம வாய்க்காலைத் தாண்டிட்டீங்க. சத்தம் போடாதீங்கம்மா."

"யோவ், என்னைத் தெரியலையா? நான்தான்யா இன்ஜினியர்."

குழந்தைசாமி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். காலடியில் கிடந்த வழியைப் பார்த்தார். எதிரே ஊரைப் பார்த்தார். இது அவர் வாழ்க்கையில் வந்த இரண்டாவது யோசனை.

"அச்சு அசல் அவங்க மாதிரியேதான் இருக்கீங்க. ஆனா ஏமாத்தாதீங்கம்மா. வழி இங்க கிடக்குது. இன்ஜினியரம்மா ஊருக்குள்ள இருக்காங்க. வழி இல்லாம அவங்க எப்படி வெளியே வருவாங்க? நானா இருந்தாலும் வழியாத்தான் வருவேன்னு அவங்க வாயாலயே சொன்னாங்க."

நிர்மலா திரும்பி, ஊருக்குள் நின்ற தன் ஜீப்பைப் பார்த்தார்.

"அந்தம்மா ரொம்பக் கறார்" என்று குரலைத் தாழ்த்தினார் குழந்தைசாமி. அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "நீங்க தாண்டினது தெரிஞ்சா தடுப்புப் போட்டுருவாங்க, என் கடை போயிரும். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். கொட்டகைக்குப் பின்னாடி போய் டயரோட டயரா ஒளிஞ்சுக்கங்க. அவங்க ஜீப் கிளம்பினதும் நானே வந்து சொல்றேன்."